மச்சான், அந்த வெள்ளிக்கிழமை வண்டியைத் துடைக்கவில்லை

என் அன்பு மச்சானுக்கு,

நீ இருக்கும் இடத்தில் ரோடு எப்படி? இங்கே பரவாயில்லை. வீரபாண்டி பக்கம் நீ தினமும் வைது தீர்த்த அந்தப் பள்ளத்துக்கு ஒட்டுப் போட்டுவிட்டார்கள். நீ வைவதற்கென்று வேறு ஒரு பள்ளம் பார்த்து வைத்திருக்கிறேன், கவலைப்படாதே.

உன் முதல் வருஷத் தெவசம் வருகிறது. ஊர்முக்கில் ஃபிளெக்ஸ் வைக்கலாம் என்று உன் பங்காளிகள் கிளம்பினார்கள். கோட்டு மாட்டி, மேகத்துக்கு நடுவில் உன்னை நிற்க வைத்து, மாதிரிப் படம்கூடப் போனில் வந்துவிட்டது. அக்கா பார்த்தாள். “அவுக ஒரு நாளும் கோட்டுப் போட்டதில்ல. மேகத்துலயும் நிக்க வேணாம்” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. லாரிக்காரர்கள் சங்கத்து மலரில் உனக்காக ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆளா நீ? நான் பாட்டுக்கு எழுதுகிறேன், அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் அல்லவா, அவர்களுக்காக இரண்டு வரி. நீ என் அக்காவைக் கட்டியவன். உன் பழைய ஆறு சக்கர லாரியில் நான் உனக்கு மாற்று டிரைவர். திராட்சையும் வாழையும் ஏற்றிக் குமுளி வழியாகக் கேரளாவுக்குப் போவோம். வரும்போது அன்னாசியோ ரப்பர் மரக்கட்டையோ கிடைத்ததை ஏற்றி வருவோம். போன வருஷம் ஒரு சாதாரண மத்தியானத்தில் உனக்கு நெஞ்சு வலித்தது. தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், நீ திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு வண்டியை நான் ஓட்டுகிறேன்.

செய்தி என்னவென்றால், வண்டி இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது. ஆனால் இருக்காமல் போயிருக்கும் மச்சான். மயிரிழையில் தப்பியது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன், நடுவில் குறுக்கே பேசாதே.

உன் வெள்ளிக்கிழமைக் கூத்து நம் லாரி ஸ்டாண்டுக்கே தெரியும். எல்லோரும் வண்டியை மேலே கழுவி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்புவார்கள். நீ மட்டும் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்ப் படுப்பாய். டீசலில் நனைத்த துணியால் ஆக்ஸில், ஸ்டியரிங் பாக்ஸ், குழாய்கள் என்று ஒன்றுவிடாமல் துடைப்பாய். “வண்டி என்ன, பொண்ணு பாக்கவா போகுது?” என்று கேட்பேன். “உங்கக்கா கூட இம்புட்டுச் சுத்தம் கெடையாதுடா” என்று அடியிலிருந்து உன் குரல் வரும். அக்கா கரண்டியோடு வாசலுக்கு வருவாள். நீ வெளியே வரவே மாட்டாய்.

கருமாதி முடிந்த முதல் வெள்ளிக்கிழமை நான் வண்டியைக் கழுவப் போனேன். எனக்கு முன்னால் அக்கா அங்கே நின்றாள். உன் காப்பிக்கொட்டைக் கலர்க் கட்டம் போட்ட லுங்கி ஒன்றை நான்காகக் கிழித்திருந்தாள். டீசல் சட்டியை எடுத்தாள், சாக்கை விரித்தாள், அடியில் போய்விட்டாள். நான் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை தவறவில்லை. துடைத்து முடித்ததும் சந்தனம், குங்குமம் வைக்க மட்டும் என்னைக் கூப்பிடுவாள். நீயே வையேன் அக்கா என்றால் முறைப்பாள். ஸ்டாண்டில் எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். ஆள் போனாலும் வண்டி அப்படியே இருக்கிறது என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைதான் எங்கள் எல்லோருடைய கண்ணையும் கட்டியது.

மழைக்காலம் முடிந்த சமயம் ஸ்டியரிங் கனக்க ஆரம்பித்தது. நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. சந்தில் வளைக்கும்போது மட்டும் முன்னால் ஊங்ங் என்று ஒரு முனகல், கைக்குப் பிடிவாதம். எண்ணெய் டப்பாவைத் திறந்தேன். பவர் ஸ்டியரிங் ஆயில் அடிக்கோட்டுக்குக் கீழே கிடந்தது. ஊற்றினேன், முனகல் நின்றது. சில நாளில் மறுபடி ஊங்ங் என்றது. மறுபடி ஊற்றினேன்.

எண்ணெய் குறைகிறது என்றால் எங்கேயாவது ஒழுக வேண்டும், இல்லையா? ஒழுகவில்லை மச்சான். வீட்டு வாசலில் வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வைத்தேன். காலையில் அட்டை புதுசாகவே இருந்தது. தரையிலும் ஒரு சொட்டு இல்லை. ராத்திரி யாரோ உறிஞ்சி எடுக்கிறான் என்றான் ஸ்டாண்டில் ஒருவன். ஸ்டியரிங் ஆயிலைத் திருடி என்ன செய்வான், தாளிப்பானா? இன்னொருவர் திருஷ்டி என்றார். அதற்கும் சுற்றிப் போட்டோம். பூசணிக்காய் உடைந்தது, எண்ணெய் குறைந்தது.

உத்தமபாளையத்தில் உன் கூட்டாளி காதர் பாயிடம் கொண்டுபோனேன். நம் ஓட்டம் உனக்குத் தெரியும். வாரம் முழுக்க ரோட்டில் கிடந்து, வெள்ளிக்கிழமை விடிந்துதான் வண்டி வீடு வந்து சேரும். வெள்ளிக்கிழமை காதர் பாய் பட்டறை லீவு, தொழுகை நாள். அதனால் பட்டறைக்குப் போவது எப்போதும் சனிக்கிழமை காலையில்தான். இதை மனதில் வைத்துக்கொள்.

காதர் பாய் சும்மா பார்க்கவில்லை. முதலில் எஞ்சின் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஸ்டியரிங் பம்ப்பின் உள் சீல் போனால் எண்ணெய் வெளியே வராமல் எஞ்சினுக்குள்ளேயே போய்விடுமாம். அப்போது எஞ்சின் ஆயில் தானாக ஏறும். ஏறவில்லை. பம்ப்பைத் தடவிப் பார்த்தார், காய்ந்திருந்தது. ஸ்டியரிங் பாக்ஸுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார், அதுவும் காய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்த ரப்பர் ஓஸ், மூட்டு எல்லாம் பளிச்.

“என்னப்பா இது, எண்ணெய் எங்கனயும் போகல, ஆனா டப்பாவுல இல்ல” என்று கையைத் துடைத்தார். “இம்புட்டுச் சுத்தமான வண்டிய நான் பாத்ததே இல்ல. பாக்ஸுக்குள்ளதான் என்னமோ இருக்கணும். எறக்கி மதுரைக்கு அனுப்பணும். அனுப்பினாலும் பழைய பாக்ஸு, உத்தரவாதம் சொல்ல மாட்டேன்.”

இறக்குவதற்குள் ஒரு லோடு ஒத்துக்கொண்டுவிட்டேன். ஓடைப்பட்டித் திராட்சை, சங்கனாச்சேரிக்கு. கிளம்பும்போது டப்பா நிரம்பத்தான் இருந்தது. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும், வளைவுக்கு வளைவு கனம் கூடியது. மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைப் பாதி ஒடித்துத் திருப்பியிருக்கிறேன், அது கல்லாக நின்றுவிட்டது. எதிரில் கேரளா பஸ் இறங்கி வருகிறது. பிரேக்கை மிதித்து, எழுந்து நின்று, உடம்பு முழுக்கக் கொடுத்து இழுத்தேன். பஸ்காரன் நிறுத்திவிட்டான், அவனுக்குப் புண்ணியம். தலையை வெளியே நீட்டி, “எந்தா சேட்டா, தள்ளணோ?” என்றான், தள்ளிவிடட்டுமா என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயந்துபோனேன், மச்சான். இதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வீட்டில் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது வலது கையைத் தூக்க முடியவில்லை. அக்கா தைலத்தை எடுத்து வந்து தோளில் தேய்த்துக்கொண்டே விசாரித்தாள். அவள் விசாரித்தால் யார்தான் மறைக்க முடியும்? நேருக்கு நேர் கேட்டால் நீயே மறைத்ததில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “ஒரு ஆளக் குடுத்தது போதும்லே. வண்டிய வித்துரு” என்றாள்.

மறுநாளே தேனியில் ஒரு புரோக்கருக்குப் போன் போட்டுவிட்டாள். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆளோடு வருவதாகச் சொன்னார். வண்டியை நல்லாத் துடைத்து வையுங்கள் என்றும் சொன்னாராம். யாரிடம் போய்ச் சொல்கிறார் பார்.

வண்டி போனால் நான் பட்டினி கிடக்கப்போவதில்லை. வேறு எவரிடமாவது சம்பளத்துக்கு ஏறிக்கொள்வேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. நீ வளைத்து வளைத்துத் தேய்ந்த ஸ்டியரிங், நீ பாட்டுக் கேட்டுக் கேட்டு ஒரு பக்கம் மட்டும் பாடும் ஸ்பீக்கர், வெயிலுக்கு நீ செருகி வைத்த திரை. இன்னொரு தடவை உன்னைத் தூக்கிக் கொடுக்கிற மாதிரி இருந்தது. அக்காவுக்கு மட்டும் இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் அவள் பயம் பெரிசு. அவளிடம் வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. அவளுக்கு இருக்கும் ஒரே தம்பி நான்.

அந்த வார வெள்ளிக்கிழமைதான் உன் லுங்கிகள் தீர்ந்துபோயின. அக்கா பெட்டியைத் திறந்து உன் வெள்ளை வேட்டி ஒன்றைக் கிழித்திருக்கிறாள். மத்தியானம் நான் சாப்பிடப் போனபோது அந்தத் துணி வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் வெற்றிலைச் சாறு துப்பின மாதிரி ஒரு சிவப்பு.

“ஏலே சுருளி, வேட்டிய நாசமாக்கிருச்சுடா ஓன் வண்டி. சோப்புப் போட்டும் போகல” என்றாள் அக்கா.

நான் துணியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். எஞ்சின் எண்ணெய் கறுப்பாக இருக்கும், கிரீஸ் மஞ்சளோ கறுப்போ. நம் வண்டியில் சிவப்பாக இருப்பது ஒன்றே ஒன்றுதான், ஸ்டியரிங் ஆயில்.

“இத எங்கன தொடச்சக்கா?”

“கீழதான்.”

“கீழ எங்கன?”

“எல்லா எடத்துலயுந்தான் தொடச்சேன். எந்த எடம்னு கேட்டா?”

“எப்பவும் இப்பிடிச் செவப்பாத்தான் வருமா?”

“லுங்கியில என்னத்தத் தெரிஞ்சது. ஈரமா இருக்கும். லாரின்னா எண்ணெ வடியத்தானேடா செய்யும்?”

மச்சான், நாங்கள் பூசணிக்காய் உடைத்தோம். அட்டை விரித்தோம். மதுரைக்கு அனுப்ப இருந்தோம். வாரா வாரம் வண்டிக்கு அடியில் படுத்தவளிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

தொழுகை முடிந்திருக்கும் என்று காதர் பாய்க்குப் போன் போட்டேன். சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் நன்றாகவே கேட்டது.

“ஏ சுருளி, சனிக்கிழமைக்குச் சனிக்கிழம குளிச்சு முழுகின வண்டியத்தான நீ எங்கிட்டக் கொண்டாந்திருக்க! தடயத்தப் பூராத் தொடச்சிட்டு வந்து திருடன் எங்கன்னா நான் என்னத்தச் சொல்ல? இன்னைக்கும் தொடச்சாச்சா?”

“தொடச்சாச்சு பாய்.”

“அப்ப அடுத்த வாரம். மண்ணு ரோட்டுல நல்லா ஓட்டு. அடுத்த வெள்ளிக்கிழம கீழ ஒரு துணி படக்கூடாது. சனிக்கிழம அந்த அழுக்கோட அப்படியே கொண்டா.”

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அதை அக்காவிடம் யார் சொல்வது?

நான்தான் சொன்னேன். சாப்பாட்டை முடித்துவிட்டு, கை கழுவிவிட்டு, தள்ளி நின்றுகொண்டு சொன்னேன். அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“சனிக்கிழம தொடைக்காம கொண்டுபோயி, ஞாயித்துக்கிழம அழுக்கு வண்டியையா அவுங்களுக்குக் காட்டுவ? அழுக்கு வண்டிய எவன் வாங்குவான்?”

“வாங்க வேணாம்னுதானக்கா.”

“அவுக போயி ஒரு வருசம் ஆகல. வண்டி நாறுதுன்னு ஊரு சொல்லவா? அவுக இருந்தா இப்பிடி விடுவாகளா?”

விடமாட்டாய்தான். அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் நான் வண்டியைப் படுத்திய பாட்டை நீ பார்த்திருந்தால் என்னை மலையிலிருந்து உருட்டிவிட்டிருப்பாய். ஓடைப்பட்டித் தோட்டங்களுக்குள் எந்தெந்த மண்பாதையில் வண்டி நுழையுமோ அத்தனையிலும் நுழைந்தேன். செம்மண் புழுதி அடியிலெல்லாம் அப்பியது. மலை ஏறிப் போய்வந்தேன், வளைவுக்கு முன்னால் நிறுத்தி நிறுத்தி டப்பாவைப் பார்த்து எண்ணெய் ஊற்றிக்கொண்டே போனேன். ஸ்டாண்டில் நிறுத்தினால் போகிறவன் வருகிறவனெல்லாம் “என்ன சுருளி, வண்டிக்கு வீட்டுல சண்டையா?” என்றான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்து வண்டி வந்து நின்றது. நானே அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். எங்கேயோ கறுப்பாக ஈரம் தெரிந்தது. எங்கே ஆரம்பிக்கிறது என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அதற்குக் காதர் பாயின் கண் வேண்டும். எழுந்து திரும்பினால் அக்கா நிற்கிறாள். கையில் டீசல் சட்டி, தோளில் துணி, கக்கத்தில் சாக்கு.

நான் வழியை மறித்து நிற்கலாம் என்று நினைத்தேன். மறிக்கவில்லை. அவள் சாக்கை விரித்தாள், அடியில் போனாள். கால் மட்டும் வெளியே தெரிந்தது. எல்லாம் போச்சு, ஞாயிற்றுக்கிழமை வண்டியும் போச்சு என்று அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

துடைக்கிற சத்தம் வரவே இல்லை. வெகுநேரம் கழித்து அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“ஏலே.”

“சொல்லுக்கா.”

“தொடச்சு வச்சா அவுக எங்கயோ வெளிய போயிருக்காகன்னு இருக்கும்டா. நாளைக்கு வந்து வண்டிய எடுப்பாக, அழுக்கா இருந்தா என்னையத்தான வைவாகன்னு. அதுக்குத்தான் தொடைக்கிறேன்.”

நான் அவள் காலுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

“தொடைக்காம விட்டா...” என்றாள்.

நானும் வெறுந்தரையில் படுத்து அடியில் நகர்ந்தேன். அக்கா மல்லாந்து படுத்து, மேலே புழுதி படிந்த ஸ்டியரிங் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. “எனக்கும் அப்படித்தானக்கா இருக்கு” என்றேன். இரண்டு பேரும் உன் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தோம். பால்காரர் வந்து, வாசலில் இரண்டு ஜோடிக் காலைப் பார்த்துவிட்டு, “என்னமும் ஆயிப்போச்சா?” என்று அலறிய பிறகுதான் வெளியே வந்தோம்.

அக்கா டீசலைத் திரும்பக் கேனில் ஊற்றினாள். “நாளைக்கு நானும் வாரேன்” என்றாள். அந்த வெள்ளிக்கிழமை வண்டியைத் துடைக்கவில்லை, பொட்டும் வைக்கவில்லை. ராத்திரி சாப்பாடு மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிட்டாள் என்று என் வீட்டுக்காரி சொன்னாள்.

சனிக்கிழமை காதர் பாய் வண்டியைப் பார்த்ததும் கல்யாணச் சாப்பாட்டைப் பார்த்த மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டார். “இப்பத்தான் இது லாரி” என்றார். டார்ச்சோடு அடியில் போனார். எல்லா இடத்திலும் புழுதி காய்ந்து வெளுத்துக் கிடந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கறுத்து, களிமண்ணாகக் குழைந்திருந்தது. சேஸிஸ் சட்டத்தின் உள்பக்கப் பள்ளத்தில் பின்னோக்கி ஒரு கோடு. அந்தக் கோட்டை டார்ச்சால் பிடித்துக்கொண்டே முன்னால் வந்தார். அது முன் சட்டத்துக்கு மேலே, கீழேயிருந்து கைக்கு எட்டினாலும் கண்ணுக்கு எட்டாத மூலையில் போய் முடிந்தது. பம்ப்பிலிருந்து பாக்ஸுக்கு அழுத்தத்தோடு எண்ணெய் கொண்டுபோகும் ஓஸ், இரும்புக் குழாயோடு சேரும் மூட்டு.

“வண்டிய ஸ்டார்ட் பண்ணு. நேரா வையி.”

வைத்தேன். ஒன்றுமில்லை.

“முழுசா ஒடி. ஒடிச்சுப் பிடிச்சுக்கிட்டே இரு.”

ஒடித்துப் பிடித்தேன். காதர் பாய் அந்த மூட்டுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைத் துண்டை நீட்டினார். அக்காவும் குனிந்து கையை நீட்டப்போனாள். “தங்கச்சி, கைய எடு! அந்த வேகத்துக்குத் தோலப் பொத்துக்கிட்டு உள்ள எறங்கிரும்” என்று கத்தினார். பிறகு என்னை விடச் சொன்னார். அட்டையை வெளியே எடுத்தார். அதில் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள், தட்டம்மை போட்ட மாதிரி.

விஷயம் அவ்வளவுதான், மச்சான். நேராகப் போனால் ஒழுகாது. நிறுத்தி வைத்தால் ஒழுகாது. முழுசாக ஒடித்து, அழுத்தம் உச்சத்துக்குப் போகும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் பீய்ச்சும். பீய்ச்சினதும் தரையில் விழாது, சட்டத்துப் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு பின்னால் ஓடும். வெள்ளிக்கிழமை அக்கா அதைத் துடைத்துவிடுவாள். நானும் சமவெளியில் அட்டையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அக்கா அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது. “இதையா நான் வாரா வாரம் தொடச்சேன்? இவன் அங்கன மலையில நின்னான்ல, அது என்னாலதானா பாய்?”

“அட, நீ வேற தங்கச்சி” என்றார் காதர் பாய். “நீ தொடச்சதாலதான் மத்தது பூரா இன்னைக்கும் புதுசாட்டம் இருக்கு. துருவேறின வண்டியா இருந்தா இந்த ஒரு எடத்த நான் தேடுறதுக்குள்ள ஒம்பது எடம் ஒழுகிருக்கும். தொடைக்கிறது தப்பில்ல. பாக்காமத் தொடச்சதுதான்.” பிறகு என்னைப் பார்த்து, “வாரா வாரம் பாத்த நானும் அதத்தான செஞ்சேன்” என்றார். நல்ல மனுஷன். உன் கூட்டாளிகளில் உருப்படியானவர் அவர் ஒருவர்தான்.

தேனியில் சொல்லிப் புது ஓஸ் வந்தது. மாட்டி, எண்ணெய் ஊற்றி, முன் சக்கரங்களைத் தூக்கி வைத்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடிக்கச் சொன்னார். டப்பாவில் நுரை எழும்பி, அடங்கி, கடைசியில் எண்ணெய் அசையாமல் நின்றது. ஊங்ங் சத்தம் போன இடம் தெரியவில்லை. மறுபடி அட்டையை நீட்டினார். அட்டையில் ஒன்றும் இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஓஸ் ஒரே வருஷத்தில் அப்படி ஆகாது என்கிறார் காதர் பாய். உன் காலத்திலேயே கசிய ஆரம்பித்திருக்குமோ? நீயும் துடைத்துக்கொண்டே இருந்தாயா? இல்லை, உனக்குத் தெரிந்து, சீசன் முடியட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று எங்களிடம் சொல்லாமல் இருந்தாயா? நீ அப்படிப்பட்ட ஆள்தான். உன் நெஞ்சு வலியையும் அப்படித்தானே செய்தாய்? சரி விடு. இனி எங்கே கேட்க.

ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் ஆளோடு வந்தார். அக்காதான் வாசலுக்குப் போனாள்.

“வண்டியக் காணமே?”

“ஓட்டத்துல இருக்கு.”

“எப்ப வரும்?”

“அது வாரப்ப வரும். நீங்க காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க.”

வண்டி கொல்லைப்புறத்தில்தான் நின்றது. நான் அதற்குப் பின்னால் நின்றேன். சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டேன்.

அடுத்த லோடு மறுபடியும் திராட்சை. கிளம்பும்போது அக்கா சோற்றுத்தூக்கோடு வந்து கேபினில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். “குமுளி வரைக்கும் வாரேன். எங்கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்” என்றாள். நீ போன பிறகு அவள் கேபினில் ஏறியது அதுதான் முதல் தடவை. உனக்கே தெரியும், அவள் வண்டியில் எப்படி வருவாள் என்று. டிரைவர் தூங்கிவிடுவான் என்று பஸ்ஸில்கூடக் கண்ணை மூடாத மனுஷி. கம்பம் தாண்டும் வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடலூர் தாண்டும் வரை ஆட்டைப் பார், மாட்டைப் பார், அந்த ஸ்கூட்டர்க்காரனைப் பார் என்று எனக்குப் பாடம். லோயர் கேம்ப்பில் மலை ஏற ஆரம்பித்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

முதல் வளைவில் ஒடித்தேன். வெண்ணெய் மாதிரித் திரும்பியது. அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு. நான் பெருமையாக, “பாத்தியாக்கா?” என்றேன். பதில் இல்லை. ஒருவேளை அழுகிறாளோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன்.

அக்கா தூங்கிவிட்டாள், மச்சான்.

கம்பியைப் பிடித்திருந்த கை மடியில் விழுந்திருந்தது. தலை ஜன்னல் ஓரத்தில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். பகல் வெளிச்சத்தில், கொண்டை ஊசி வளைவில், ஒரு பழைய லாரியில், என் கையை நம்பி. எனக்குக் கண் மறைத்தது. அந்த மலையில் கண் மறைக்கக்கூடாது என்பதால் சட்டையில் துடைத்துக்கொண்டேன். மிச்ச வளைவுகளில் ஹாரன் அடிக்க மனசு வரவில்லை. லைட்டை மட்டும் போட்டுப் போட்டு, நத்தையாக ஏறினேன். பின்னால் வந்தவனெல்லாம் அவனவன் ஹாரனில் என்னை வைதான். அதற்கும் அவள் விழிக்கவில்லை.

குமுளியில் நிறுத்தியதும் விழித்தாள். “ஏலே, எழுப்பக்கூடாதா? நான் எங்கன பாத்தேன்?” என்று சண்டைக்கு வந்தாள்.

மச்சான், உனக்கு ஒரே ஒரு சத்தியம் செய்து தருகிறேன். உன் வண்டியை என்றைக்கும் அக்கா தூங்குகிற மாதிரி ஓட்டுவேன்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டியின் தம்பி, உன் மாற்று டிரைவர்,
உன் மச்சினன் சுருளி